அப்புச்சி வீட்டு தஞ்சாவூர் படத்துக்கு விலை யாருங்க வைக்கறது? - கொஞ்சம் நீளமான பதில்

நீங்க கேட்டத ஒருதாட்டி திருப்பிச் சொல்லிக்கறேனுங்க, அப்பத்தான் பதில் தடம் மாறாது. கோபி பக்கம் உங்க அப்புச்சி வீட்டு தொட்டிக்கட்ட இடிக்கப் போறாங்க, சாமி ரூம்ல ஒரு பெரிய தஞ்சாவூர் கிருஷ்ணர் படமும் ஒரு ரவிவர்மா லட்சுமி படமும் இருக்குது, பழைய சாமான் எடுக்கறவர் ஒருத்தர் வந்து ரெண்டுக்கும் சேத்தி 40,000 தர்றேன்னாரு, நீங்க யோசிச்சு சொல்றேன்னதும் அடுத்த நாள் காலைலயே போன் போட்டு 65,000ன்னாரு. அதே வாரத்துல ஓவியர் எம்.எப். ஹுசைன் படம் ஒன்னு 1,400 ரூபாய்க்கு வாங்குனது 118 கோடிக்கு போச்சுன்னு எங்கயோ படிச்சிருக்கீங்க. "இதுக்கெல்லாம் யாருதான் விலை வைக்கறாங்க, எல்லாம் கருப்புப் பணந்தானா"ன்னு முடிச்சிருக்கீங்க. எனக்கென்னமோ உங்கள உறுத்தறது 118 கோடி கிடையாது, அந்தாளு ஒரே ராத்திரில ஏன் 25,000 ஏத்துனாரு, அவர் கண்ணுக்குத் தெரிஞ்சது நமக்கு எப்படித் தெரியாம போச்சுங்கறதுதான்னு தோணுது.

நான் கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் பழைய படங்களுக்கு பிரேம் போடறதும் செல்லரிச்சது, பூஞ்சை புடிச்சத சரி பண்றதுமா ரொம்ப வருசமா இருக்கறவன். விக்கறவங்க வாங்கறவங்க ரெண்டு தரப்பும் கடைக்கு வர்றதால பேச்சு காதுல விழுந்துட்டே இருக்கும், அதுக்கு மேல இந்த விலை சமாச்சாரத்தோட சரித்திரத்த ஒரு கிறுக்கு மாதிரி தேடித் தேடி படிச்சிருக்கேன். ஏல கம்பெனில வேலை பார்த்தவன் இல்லைங்க. செல்போன் போட்டோவ வச்சு விலை சொல்றவங்க யாரா இருந்தாலும் நம்பாதீங்க, என்னையும் சேத்தித்தான்.

உங்களுக்கு நடந்தது 2,100 வருசத்துக்கு முன்னாடியே ஒருத்தருக்கு நடந்திருக்குது. கிமு 146ல ரோமாபுரி தளபதி முமியஸ் கிரேக்கத்துல கொரிந்த் ஊர சூறையாடி, கொள்ளையடிச்ச சாமானையெல்லாம் ஏலத்துல விட்டாரு. அதுல அரிஸ்டைடிஸ்னு ஒரு ஓவியர் வரைஞ்ச மதுக்கடவுள் படம் ஒன்னு. பெர்கமம் ராஜா அட்டலஸ் அதுக்கு 6,00,000 டினாரியஸ் கேட்டாரு. முமியஸுக்கு படத்தப் பத்தி ஒரு எழவும் தெரியாது, ஆனா இத்தன காசு குடுக்கறான்னா இதுல என்னமோ இருக்குதுன்னு சந்தேகம் வந்து, ராஜா எவ்வளவு கத்தியும் கேக்காம படத்த திருப்பி வாங்கி ரோமுக்கு கொண்டு போயி கோயில்ல வச்சுட்டாராம். பிளினிங்கற ரோமாபுரி எழுத்தாளர் எழுதி வச்சிருக்கறாரு. டினாரியஸ்னா நம்ம வெள்ளலூர்ல புதையலா கெடைச்சுதே அதே வெள்ளிக் காசுதானுங்க, நம்மூருக்கு ஒன்னும் அந்நியமில்ல. இதுல கவனிக்க வேண்டியது, படம் மாறல, பாத்தவன் கண்ணும் மாறல, இன்னொருத்தன் கேட்ட ரேட்டுதான் அவருக்கு படத்த காட்டிக் குடுத்துச்சு. உங்க வீட்லயும் அதேதான் நடந்திருக்குது.

ஆனா சரித்திரத்துல பெரும்பகுதி படத்துக்கு விலைங்கறது இப்படி மர்மமா இருந்ததே கிடையாது, சரக்கு எவ்வளவு, கூலி எவ்வளவுங்கற கணக்குதான். 1485ல இத்தாலில பிளாரன்ஸ்ல ஒரு அனாதைக் குழந்தைகள் இல்லத்துக்கு டொமினிகோ கிர்லாண்டாயோங்கற ஓவியர் சர்ச்சு பீடத்துல வைக்கற படம் ஒன்னு வரைஞ்சு குடுக்க எழுதுன ஒப்பந்தம் இன்னைக்கும் இருக்குது, படிச்சா நம்மூரு பத்திரம் மாதிரியே இருக்கும். மொத்தம் 115 புளோரின் (அந்த ஊரு தங்கக் காசு), மாசம் மூணு மூணா தருவோம், முப்பது மாசத்துல முடிக்கணும், பொடித் தங்கம் எங்கெங்க வேணுமோ அங்க போடணும், சரக்கு செலவெல்லாம் வரையறவரோடது, நீலக் கலரு அவுன்ஸ் 4 புளோரின் பெறுமான தரத்துல இருக்கணும். அந்த நீலம் ஆப்கானிஸ்தான் பதக்ஷான் மலைல வெட்டுன கல்ல அரைச்சு எடுக்கறது, அதனால அதுல ஏமாத்து நடக்கும்னு பயந்து ரேட்டோட எழுதிட்டாங்க. கடைசில ஒரு வரி, வேலைய பாத்துட்டு அவ்வளவு பெறாதுன்னு இல்லத்து தலைவருக்கு தோணுச்சுன்னா அவர் சரின்னு நெனைக்கறத குறைச்சும் குடுக்கலாமாம். எனக்கு அந்த வரிய எத்தனதாட்டி படிச்சாலும் சிரிப்பு வரும், நம்மூரு கல்யாண மண்டபத்து டெக்கரேசன் காண்ட்ராக்ட்ல கூட இப்படி எழுத மாட்டாங்க.

இன்னைக்கு தஞ்சாவூர்ல போயி படம் ஆர்டர் குடுத்தீங்கன்னாலும் பேச்சு அதே தினுசுலதான் போகும். எத்தன அடிக்கு எத்தன அடி, 22 காரட் தங்க ரேக்கா இல்ல சும்மா பளபளா தாளா, கல்லு ஜெய்ப்பூர் கல்லா, பிரேம் தேக்கா, சுக்கான் மாவும் கோந்தும் போட்டு எத்தன மேடு கட்டணும், இதையெல்லாம் கூட்டி ரேட்டு. யாரு வரையறாங்கங்கறது அப்பறம் வர்ற கேள்வி, பல பேரு அதைக் கேக்கறதே இல்ல. அதுக்கும் பின்னால போனா தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல ராஜராஜன் குடுத்த செப்புத் திருமேனிங்க உசரத்த முழம், விரல் கணக்குல அளந்து வெட்டியிருக்காங்க, அதுங்களுக்கு போட்ட நகைய கழஞ்சு மஞ்சாடி கணக்குல நிறுத்து வெட்டியிருக்காங்க, குடுத்தவங்க பேரும் இருக்குது. அந்த சிலைய வார்த்த கைக்கு பேரு கிடையாது. இன்னைக்கு அதே சோழர் காலத்து வேலைக்கு உலகமே அடிச்சுக்குது, அன்னைக்கு கணக்குல ஏறுனது எடையும் அளவும்தான்.

அப்பறம் வரையற கையோட திறமைக்கு எப்போ காசு வந்துச்சுன்னா, ஒரே நாள்ல வரல, ஊருக்கு ஊரு வேற வேற காலத்துல வந்துச்சு. அக்பர் அரண்மனைல வாராவாரம் ஓவியர்ங்க வேலைய ராஜா முன்னாடி வைப்பாங்க, வேலையோட தரத்தப் பாத்து சன்மானமும் சம்பள உயர்வும் குடுப்பாருன்னு அவரு அரசவைல இருந்த அபுல் பசல் எழுதியிருக்கறாரு. மொகலாயர் நூலகத்து சுவடிங்க மொதல் பக்கத்துல இது இத்தன ரூபாய் பெறும்னு கணக்கெழுதி வச்சது இன்னைக்கும் தெரியுது. இத்தாலில பாத்தீங்கன்னா கிர்லாண்டாயோவுக்கு பின்னால வந்த தலைமுறைல பொடித் தங்கம் பத்தின பேச்சு கம்மியாயி, மொகத்த உதவியாள விட்டு வரையக் கூடாது, ஆசாரியே தன் கையால வரையணும்ங்கற பேச்சு எச்சாச்சு. அங்க ஆரம்பிச்சதுதான் இந்த பேரு வியாபாரம்.

பேரு ஏறுனா ஏறும், எறங்குனா எறங்கும். பெர்லின் மியூசியத்துல தங்கத் தலைக்கவசம் போட்ட ஆளுன்னு ஒரு படம், ரெம்ப்ராண்ட்ங்கற டச்சு ஓவியர் வரைஞ்சதுன்னு போஸ்ட் கார்டு, காலண்டர்னு எங்க பாத்தாலும் அதுதான். 1980கள்ல ஆராய்ச்சி பண்ணி இது ரெம்ப்ராண்ட் கை இல்ல, அவரச் சுத்தி இருந்த யாரோ வரைஞ்சதுன்னு சொல்லிட்டாங்க. அதே பெயிண்ட், அதே வெளிச்சம், ஆனா மதிப்பு தலைகீழ். நான் நேர்ல பாத்ததில்ல, அச்சுல பாத்த வரைக்கும் இன்னமும் பிரமாதமான படம்தான்.

டச்சுக்காரங்கள பத்தி கொஞ்சம் நிறுத்தி சொல்லணும், ஏன்னா நாம இன்னைக்கு படக்கடைன்னு நெனைக்கறது பெரும்பாலும் அவங்ககிட்ட பழக்கமானது. அதுக்கு முன்னாடி பெரும்பாலும் ராஜா, கோயில், சர்ச்சு, பிரபுன்னு யாராச்சும் சொல்லி வச்சாத்தான் படம் வரையறது. 1600கள்ல ஆலந்துல யாரும் சொல்லாமயே வரைஞ்சு, கடைல, சந்தைல, லாட்டரில, ஏலத்துல வித்தாங்க. 1640ல ஆம்ஸ்டர்டாம் போன பீட்டர் மண்டிங்கற இங்கிலீஷ்காரர், இங்க கசாப்புக் கடைக்காரர், ரொட்டிக் கடைக்காரர் கூட கடைல படம் மாட்டியிருக்காங்க, கொல்லர் செருப்பு தைக்கறவர் பட்டறைல கூட ஒன்னாவது இருக்குதுன்னு ஆச்சரியப்பட்டு எழுதியிருக்கறாரு. போட்டி அதிகமானதால ஒருத்தர் கடல் மட்டும், ஒருத்தர் பூ மட்டும், ஒருத்தர் மாடு மட்டும்னு ஆயிட்டாங்க, வான் கோயன்னு ஒருத்தர் கலரக் கம்மி பண்ணி வேகமா வரைஞ்சு தள்ளுனாரு, அப்படியும் துலிப் கெழங்கு, நிலம்னு சூதாடி கடனோட செத்தாரு. ரெம்ப்ராண்ட் 1656ல திவால். வெர்மீர்னு இன்னொரு ஓவியர் 1675ல செத்தப்போ ரொட்டிக்கடை பாக்கி 617 கில்டர் (டச்சுக் காசு) நின்னுச்சு, அவரு சம்சாரம் அடுத்த வருசம் ரெண்டு படத்த ரொட்டிக்கடைக்காரர்கிட்ட குடுத்துத்தான் அதைத் தீர்த்தாங்க.

அந்த வெர்மீர் பேரு ரொம்ப காலம் மங்கிப் போயி கெடந்துச்சு. முத்துத் தோடு போட்ட பொண்ணுன்னு ஒரு படம், இன்னைக்கு பனியன்ல கூட பிரிண்ட் போட்டு வர்றது, அது 1881ல ஹேக் ஏலத்துல ரெண்டு கில்டர் முப்பது சென்டுக்கு போச்சு. அழுக்கு புடிச்சு இருந்துச்சாம். வாங்குனவர் 1902ல செத்தப்பறம் மியூசியத்துக்கு போச்சு, இனி அதுக்கு விலையே இல்ல, ஏன்னா விக்க மாட்டாங்க.

இப்ப விக்கற முறைக்கு வர்றேன். ரெண்டு முறைங்க, இது ரெண்டும் நம்மூரு ஆளுங்களுக்கு வெளக்கவே வேண்டாம். கண்ணபுரம் மாட்டுச் சந்தைல தரகரும் வாங்கறவரும் துண்டுக்கு அடியில கைய விட்டு விரலப் புடிச்சு ரேட்டு பேசுவாங்க பாத்திருப்பீங்க, பக்கத்துல நிக்கறவனுக்கு கடைசி வரைக்கும் என்ன விலைக்கு முடிஞ்சுதுன்னு தெரியாது, மாடு மட்டும் கைமாறி போயிரும். படத்துல டீலர், கேலரி வழியா நடக்கறது முக்காவாசி அந்த துண்டு வியாபாரம்தான், நீங்க பேப்பர்ல படிக்கற ரேட்டெல்லாம் பகிரங்கமா கூவி விட்ட ஏலத்தோடது. அதனால வெளில தெரியற விலைய மட்டும் வச்சு மார்க்கெட்ட எடை போட்டா கணக்கு தப்பும். ஏலத்துலயும் துண்டு கொஞ்சம் இருக்குது, விக்கறவரும் கம்பெனியும் இதுக்கு கீழ குடுக்க மாட்டோம்னு ஒரு ரிசர்வ் விலை வச்சுக்குவாங்க, அதை வெளில சொல்ல மாட்டாங்க. சுத்தியல் தட்டுன விலை வேற, அதுக்கு மேல கம்பெனி கமிசன் வாங்கறவர்கிட்ட தனியா புடிக்கும், பேப்பர்ல வர்றது கமிசனும் சேத்துன தொகை. விக்கறவர் கைக்கு வர்றது அதை விட நல்லா கம்மி. லண்டன்ல பெரிய ஏல கம்பெனிங்களான சோத்பிஸ் 1744லயும் கிறிஸ்டிஸ் 1766லயும் ஆரம்பிச்சதுங்க, ரெண்டரை நூற்றாண்டுக்கும் மேல பழகுன தொழில்.

டீலர்னா எளப்பமா நெனைக்கவும் வேண்டாம். பாரீஸ்ல துரான்-ருயேல்னு ஒருத்தர், மோனே, பிசாரோ மாதிரி ஓவியர்ங்கள ஊரே கேலி பண்ணிட்டிருந்த காலத்துல ஒட்டுக்கா படங்கள வாங்கி அடுக்குனாரு, மாசச் செலவுக்கு முன்பணம் குடுத்தாரு, ஏலத்துல அவங்க படம் வந்தா விலை விழாம இருக்க தானே கேட்டு ஏத்தி விட்டாரு, ரெண்டுதாட்டி திவாலாகற நெலைக்கு போயி, கடைசில 1886ல நியூயார்க்ல கண்காட்சி வச்சப்பறம்தான் பொழைச்சாரு. அவரு பண்ணுனது நேர்மையா, ஜோடனையான்னு கேட்டா ரெண்டுமேம்பேன். ரசனையும் இருந்துச்சு, சரக்க கைல வச்சுக்கிட்டு விலைய ஏத்தற சாமர்த்தியமும் இருந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் பெரிய கேலரிங்க பண்றது அதேதான்.

சரி, ஹுசைன். அந்த படம் பேரு கிராம் யாத்ரா, 1954ல வரைஞ்சது, கிட்டத்தட்ட 14 அடி நீளம், பதிமூணு கட்டமா கிராமத்து வாழ்க்கை. உலக சுகாதார நிறுவன வேலையா டில்லி வந்திருந்த ஒரு டாக்டர் அப்பவே வாங்கி நார்வேக்கு எடுத்துட்டு போயிட்டாரு, 1964ல ஆஸ்லோ ஆஸ்பத்திரிக்கு போச்சு, அங்க சுவத்துல பல வருசம் தொங்குச்சு. 2025 மார்ச்ல நியூயார்க் கிறிஸ்டிஸ்ல 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு போச்சு, நம்ம காசுக்கு 118 கோடிக்கு மேல. ஏன் அவ்வளவு போச்சுங்கறதுல உறுதியா சொல்லக்கூடியது சிலது இருக்குது. ஹுசைன் பேரெடுக்க ஆரம்பிச்ச காலத்து வேலை, அளவுல பெருசு, வரைஞ்ச வருசத்துல இருந்து எங்க இருந்துச்சுன்னு ஒரு கண்ணி கூட விட்டுப்போகாத பூர்வோத்திரம், எழுபது வருசம் மார்க்கெட்டுக்கே வராத சரக்கு, இதுக்கும் மேல நம்ம நாட்டுல அந்த தொகைய எடுத்து வைக்கக் கூடிய ஆளுங்க இப்ப இருக்காங்க. 2002ல தையப் மேத்தாங்கற ஓவியரோட படம் ஒன்னு கிறிஸ்டிஸ்ல சுமார் 1.5 கோடிக்கு போனதே அன்னைக்கு இந்தியப் படத்துக்கு ஏல ரெக்கார்டு, அதே மேத்தாவோட இன்னொரு படம் 2025 ஏப்ரல்ல 61.8 கோடி. இடைல மாறுனது பெயிண்ட் இல்ல, இங்க சேர்ந்த பணம். இதுல சந்தேகத்துக்குரியது என்னன்னா அந்த விலை நிக்குமாங்கறது. 1990ல வான்கோ வரைஞ்ச டாக்டர் காஷே படத்த ஜப்பான்காரர் ஒருத்தர் 8 கோடியே 25 லட்சம் டாலர் குடுத்து வாங்குனாரு, கொஞ்ச நாள்ல ஜப்பான்ல பணம் வத்துச்சு, உலகம் பூரா பட மார்க்கெட்டே சரிஞ்சு போச்சு.

இன்னொன்னையும் கவனிங்க, ஹுசைன் கணக்கில்லாம வரைஞ்சவர், அதுல இப்படி போனது ஒன்னே ஒன்னு. 1,400 குடுத்த டாக்டர் குடும்பத்துக்கும் அந்த 118 கோடில பங்கில்ல, ஏன்னா படம் ஆஸ்பத்திரிக்கு போயிருச்சு. நம்ம பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்துல 53ஏன்னு ஒரு பிரிவு இருக்குது, ஒரிஜினல் படம் 10,000 ரூபாய்க்கு மேல மறுவிற்பனை ஆனா அதிகபட்சம் 10 சதவீதம் வரைக்கும் ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு உண்டுன்னு. பிரான்ஸ்ல 1920லயே இது வந்துருச்சு. நம்மூர்ல இதைக் கேட்டு வாங்குனதா என் கடைக்கு வர்ற ஓவியர்ங்க ஒருத்தர் கூட சொன்னதில்ல.

கருப்புப் பணமான்னு கேட்டீங்க. இருக்குதுங்க, மறைக்க வேண்டாம், தூக்கிட்டு போக சுலபம், ரேட்டுக்கு அளவுகோல் இல்ல, துண்டுக்கு அடியில பேசறது, இதெல்லாம் அதுக்கு தோதான குணம்தான். ஆனா எல்லாத்தையும் அதுல போட்டு மூடிட்டா விலை எப்படி உண்டாகுதுங்கறது புரியாமயே போயிரும். சால்வடோர் முண்டின்னு ஒரு ஏசு படம், 1958ல லண்டன்ல 45 பவுண்டு, 2005ல அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ் ஏலத்துல 1,175 டாலர், 2017 நவம்பர்ல 45 கோடியே 3 லட்சம் டாலர், இன்னைக்கு வரைக்கும் ஏலத்துல வித்த எந்த கலைப்பொருளும் அதைத் தாண்டல. இடைல நடந்தது சுத்தம் பண்ணுனது, மேல ரீடச் பண்ணுனது, லியனார்டோ டாவின்சியே வரைஞ்சதுன்னு சில அறிஞர்ங்க ஒத்துக்கிட்டது. வேற சில அறிஞர்ங்க இல்ல, பட்டறை ஆளுங்க வேலைதான் எச்சுன்னு இன்னமும் சொல்றாங்க. அதாவது அந்த விலைல முக்காவாசி ஒரு கருத்துக்கு குடுத்தது, அந்த கருத்தே இன்னும் தகராறுல இருக்குது.

இதையெல்லாம் வச்சு நான் நம்பறது இதுதான்: படத்துக்கு விலைங்கறது படத்துக்குள்ள பாதிதான் இருக்குது, மிச்சப் பாதி அதுக்கு பின்னால யாரு சாட்சி நிக்கறாங்கங்கறதுல இருக்குது. சாட்சின்னா ஆளா இருக்கலாம், பில்லா இருக்கலாம், பின்பக்கம் ஒட்டுன சீட்டா இருக்கலாம். அதனாலதான் சாட்சியவே போலியா உண்டாக்கறாங்க. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில்ல திருடுன நடராஜர 2008ல ஆஸ்திரேலியா தேசிய கேலரி சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்குச்சு, 1972ல வந்த தொல்பொருள் சட்டத்துக்கு முன்னாடியே சிலை இந்தியாவ விட்டு வெளிய போயிருச்சுன்னு காட்டற மாதிரி பேப்பர் ரெடி பண்ணித்தான் வித்தாங்க. 2014ல திரும்பி வந்துச்சு.

இனி உங்க ரெண்டு படம். ரவிவர்மா லட்சுமிய மொதல்ல பாப்போம், ஏன்னா நம்ம கொங்கு பக்கம் பழைய வீட்டுல பாதில அது இருக்கும், எல்லாரும் கைல கோடி இருக்கறதா நெனைச்சுக்கறாங்க. ரவிவர்மா கையால வரைஞ்ச ஆயில் பெயிண்டிங் வேற, 2023ல யசோதா கிருஷ்ணர் படம் ஒன்னு 38 கோடிக்கு போச்சு, அவரோட ஒரிஜினல் தேசிய கலைச்செல்வம்னு அறிவிச்சதால வெளிநாட்டுக்கு கொண்டு போகவும் முடியாது. உங்க வீட்டுது அநேகமா அச்சுப்படம். அவரு 1894ல பம்பாய்ல பிரஸ் போட்டு ஜெர்மன் மெசினு, ஜெர்மன் ஆளுங்கள வச்சு சாமி படத்த அச்சடிச்சாரு, பிற்பாடு பிரஸ் லோனாவாலா பக்கம் போயி, ஜெர்மன்காரர் கைக்கு மாறி, பல வருசம் ஓடி 1972ல தீப்பிடிச்சு அழிஞ்சுது. சாமிய கோயிலுக்குள்ள போயி பாக்க விடாத சனங்க வீட்டுக்கெல்லாம் சாமி வந்தது அந்த அச்சாலதான், அந்த வகைல எனக்கு அது கோடி ரூபா படத்த விட ஒசத்தி. கீழ ஓரத்துல ரவிவர்மா பிரஸ், கார்லா லோனாவாலான்னு இங்கிலீஷ்ல சின்னதா அச்சு இருக்குதான்னு பாருங்க. ஒரு பூதக்கண்ணாடி வச்சு மொகத்த பாருங்க, பல கலர்ல ஒழுங்கில்லாத புள்ளிங்க இருந்தா பழைய கல்லச்சு, வரிசையா ஒரே சீரா பூப் போட்ட மாதிரி புள்ளி இருந்தா பின்னால வந்த ஆப்செட் காப்பி. சேலைக்கு நெஜ ஜரிகையும் சம்கியும் வச்சு தைச்சிருந்தா அதுக்குன்னு தனியா ஆசைப்படறவங்க இருக்காங்க. என் கடைல கேள்விப்பட்ட வரைக்கும் பழைய நல்ல அச்சு ஆயிரங்கள்ல போகும், ரொம்ப அபூர்வமானது, வேலைப்பாடு உள்ளது மட்டும் அதுக்கு மேல. காப்பின்னா பிரேம் விலைதான்.

தஞ்சாவூர் கிருஷ்ணர்தான் அந்தாள தூங்க விடலைன்னு நெனைக்கறேன். ரெண்டையும் சேத்தி ஒரே விலை கேக்கறது வியாபாரிங்க வழக்கம், எது வேணும்னு காட்டிக்க மாட்டாங்க. ராத்திரில 25,000 ஏறுனா ரெண்டே காரணம்தான் இருக்க முடியும், ஒன்னு அவர் போட்டோவ யாருக்கோ அனுப்பி அவங்க ஒரு ரேட்டு சொல்லியிருக்காங்க, இல்லைன்னா மொதல்ல கேட்ட விலை சும்மா ஆழம் பாக்க கேட்டது. வயசு தெரிஞ்சுக்க முன்பக்கத்த விட பின்பக்கம்தான் பேசும். பலகை பலா மரமா பிளைவுட்டா, அடிச்ச ஆணி கையால அடிச்சதா மெசின் ஆணியா, துணி ஒட்டுனது தெரியுதா, பிரேம் போட்ட கடை சீட்டு இருக்குதா. தங்கம் பழைய ரேக்குன்னா அடங்குன மஞ்சளா இருக்கும், புதுசு கண்ண பறிக்கும், ஆனா இதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, பழைய பலகைல புது வேலை பண்றவங்க நெறைய இருக்காங்க, எனக்கே நேர்ல வச்சு பாத்தாத்தான் சொல்ல வரும்.

துடைக்காதீங்க. ஈரத்துணி, தேங்காண்ணெ, பேபி சோப்பு எதுவும் வேண்டாம், அந்த மேடு கட்டுனது தண்ணி பட்டா கரையும், கல்லு உதிரும். உங்க அம்முச்சி இருக்காங்கன்னு எழுதியிருக்கீங்க, அவங்ககிட்ட உக்காந்து இந்த படம் எப்போ வந்துச்சு, யாரு வாங்குனது, சீரா வந்ததா, எந்த ஊர்ல இருந்து வந்துச்சுன்னு கேட்டு போன்ல வீடியோ எடுத்து வைங்க. கல்யாண போட்டோ எதுலயாச்சும் பின்னால சுவத்துல அந்த படம் தெரியுதான்னு ஆல்பத்த பொறட்டுங்க, வருசம் தெரிஞ்ச போட்டோ ஒன்னு கெடைச்சாலே நல்ல சாட்சி. அப்புச்சி கணக்கு நோட்டு இருந்தா எடைக்கு போட்டுடாதீங்க.

சட்டமும் ஒரு வரி தெரிஞ்சுக்கங்க. நூறு வருசம் தாண்டுன ஓவியம்னா தொல்பொருள் கணக்குல வரும், தொல்லியல் துறைல பதிவு பண்ணணும், விக்கறது நாட்டுக்குள்ள மட்டும், வாங்கற வியாபாரிக்கு லைசென்ஸ் இருக்கணும். லைசென்ஸ காட்டச் சொல்லுங்க, அதுலயே பாதிப்பேரு கெளம்பிருவாங்க. ஓவியம் வித்த லாபத்துக்கு வருமான வரியும் உண்டு, நகை மாதிரிதான், ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்க. வீட்டுல இதோட பழைய ஐம்பொன் சிலை ஏதாச்சும் இருந்தா அத மட்டும் எந்த வியாபாரிகிட்டயும் காட்டாதீங்க, அது வேற வம்பு.

விக்கறதா முடிவு பண்ணுனா ரெண்டையும் பிரிச்சு விலை கேளுங்க, எழுத்துல வாங்குங்க, குறைஞ்சது இன்னும் ரெண்டு எடத்துல காட்டுங்க. லட்சுமிய மட்டும் தர்றேன், கிருஷ்ணர் எங்க வீட்டுலயே இருக்கட்டும்னு சொல்லிப் பாருங்க, அவர் மொகம் போற போக்குலயே உங்க கேள்விக்கு பாதி பதில் கெடைச்சுரும். வீடு இடிக்கற தேதி நெருங்குதுன்னு அவருக்கு தெரிய வேண்டாம், அவசரம் தெரிஞ்சா அதுக்கும் ஒரு தள்ளுபடி போட்டுத்தான் கேப்பாங்க. இடிக்கறதுக்கு முன்னாடி படத்த எறக்கி, பருத்தித் துணில சுத்தி, மொகம் மேல பாத்த மாதிரி படுக்க வச்சு, சிமெண்ட் தூசி வராத ரூம்ல வைங்க, பிளாஸ்டிக் கவர் போட்டு கட்டிறாதீங்க, உள்ள வேர்த்து பூஞ்சை வரும்.

பின்பக்க போட்டோ இருந்தா இதுக்கு கீழயே போடுங்க, பகல் வெளிச்சத்துல, மரமும் ஆணியும் தெளிவா தெரியற மாதிரி. மரம், ஆணிய வச்சு வயசப் பத்தி என்ன சொல்ல முடியுமோ அது மட்டும் சொல்றேன்.